மோரே: எல்லைவாயிலில் ஓர் அங்காடி

மணிப்பூரின் தலைநகரான இம்பாலிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பலேல் வரையில் சமவெளி. அதன்பின் சாலை மலையேறி, தெங்நௌபாலைக் கடந்து மறுபுறம் இறங்குகிறது. இறங்குமிடத்தில் இருப்பது மோரே. ஊரின் எல்லைவாயிலைத் தாண்டினால் நம்பலோங் சந்தை. அதற்கும் அப்பால், பர்மா என்று நாம் பழகிய மியன்மாவின் தமு நகரம். குக்கிகள், மெய்தெய்கள், மணிப்பூர் முஸ்லிம்கள், நேபாளியர், பஞ்சாபியர், மார்வாடிகள் எனப் பலரும் கடை வைத்த இவ்வூரில் அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோயில் எழுந்திருப்பது புதிதாய் வருவோரை வியப்பில் ஆழ்த்தும். இட்லியும் தோசையும் இங்கே அயலுணவு அல்ல.

இந்த எல்லைக்கோடு மிகப் பழையதன்று. 1826-இல் யாண்டபோ உடன்படிக்கையால் முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் முடிந்தது. 1834-இல் ஆங்கிலேயர் கபாவ் பள்ளத்தாக்கைப் பர்மாவிடம் ஒப்படைத்து, மணிப்பூர் மன்னருக்கு மாதம் 500 ரூபாய் ஈடு வழங்கினர். ஒரு பள்ளத்தாக்கிற்கு அது மலிவான விலையே! சுதந்திர இந்தியாவும் பர்மாவும் எல்லை உடன்படிக்கையில் கையொப்பமிட்டது 1967 மார்ச் 10 அன்றுதான்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, பல்லாயிரம் இந்தியர் தமு வழியாக நடந்தே இம்பாலை நோக்கி வந்தனர். வழியில் மடிந்தோர் பலர். 1944-இல் அதே பாதையில் இந்திய தேசிய இராணுவத்தினர் பலேல்வரை போரிட்டு வந்தனர். அவர்களுள் மலேயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த தமிழரும் இருந்தனர்.

மோரேயில் தமிழர் குடியேறிய கதை அதற்குப் பிற்பட்டது. 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசாங்கம், அடுத்த ஈராண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கிற்று. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. தலைமுறைகளாகச் சேர்த்ததை இழந்து, கப்பலேறி மக்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். அரசாங்கக் காகிதங்களில் அவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கு அச்சொல் என்றும் உறுத்தலாகவே இருக்கிறது. இரங்கூனில் பிறந்து, பர்மியமே சரளமாகப் பேசியவர்களுக்குத் தாயகம் எது? முகாம்களிலும் அறிமுகமற்ற ஊர்களிலும் வாழ்வு பிடிபடாத சிலர், பர்மாவுக்கே திரும்பிச் செல்லத் துணிந்து இம்பால் வழியே நிலமார்க்கமாகப் புறப்பட்டனர். எல்லையில் பர்மிய அதிகாரிகள் அவர்களைத் தடுத்துவிட்டனர். முன்னே செல்ல வழியில்லை. பின்னே செல்ல மனமில்லை. தங்கிவிட்டனர். மரமும் ஓலையும் கொண்டு குடில் போட்டனர். பர்மிய மொழியறிவும் அக்கரை உறவுகளும் அவர்களுக்கு வணிக முதலாயின. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தோர், 1990-களின் இனக்கலவரங்களுக்குப் பின் பெருமளவு குறைந்துவிட்டனர்.

1994-இல் இரு அரசுகளும் எல்லை வணிக உடன்பாடு செய்தன. 1995 ஏப்ரலில் மோரே முறையாகத் திறக்கப்பட்டது. பண்டமாற்றுக்கு அனுமதிக்கப்பட்டவை 22 பொருள்கள்: வெங்காயம், பூண்டு, மிளகாய், இஞ்சி, பாக்கு, வெற்றிலை, துடைப்பம் முதலியன. மக்கள் தேடி வந்ததோ சீனத்துப் போர்வைகளையும் செருப்புகளையும் மின்கருவிகளையும். பட்டியல் எழுதியவர் சந்தைக்குப் போனதில்லை போலும்! பின்னர் 2008-இல் 40 ஆகவும் 2012-இல் 62 ஆகவும் பட்டியல் நீண்டது. 2015-இல் பண்டமாற்று முறையே கைவிடப்பட்டது. காலையில் சீட்டுப் பெற்று நம்பலோங் சென்று, பொருள் வாங்கி, மாலைக்குள் திரும்புவதே அந்நாளைய பயணிகளின் வழக்கம். எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டருக்குள் வாழ்வோர் விசாவின்றி உறவினரைக் கண்டுவர இயன்றது.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் வாயில் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியன்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடிக்க, அக்கரையில் போர் மூண்டது. 2023 மே மாதத்தில் குக்கி-மெய்தெய் மோதல் மணிப்பூரைச் சூழ்ந்தபோது மோரேயும் எரிந்தது. மெய்தெய்கள் ஊரைவிட்டு வெளியேறினர். எத்தரப்பிலும் சேராத தமிழர் சிலரின் வீடுகளும் தீக்கு இரையாயின. 2024 இறுதியில் எல்லைமக்களின் நடமாட்ட வரம்பு 10 கிலோமீட்டராகக் குறுக்கப்பட்டு, சீட்டு முறை கடுமையாக்கப்பட்டது. ஒருமுறை எல்லையில் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கடையை நடத்துவதா, சென்னைக்குச் செல்வதா என்று வீடுதோறும் கணக்குப் பார்த்து வருகின்றனர்.