வாலி வெஸ்ட் இல்லாத ஐந்து வருடங்கள்

2011 ஆகஸ்ட் 31 அன்று டிசி காமிக்ஸின் இரண்டு இதழ்கள் கடைக்கு வந்தன. ஒன்று ஃப்ளாஷ்பாயிண்ட் தொடரின் ஐந்தாவதும் கடைசியுமான இதழ். மற்றொன்று ஜஸ்டிஸ் லீக்கின் புதிய முதல் இதழ். முதலாவதில் பழைய உலகம் முடிந்தது, இரண்டாவதில் புதிய உலகம் தொடங்கியது. இரண்டையும் எழுதியவர் ஜெஃப் ஜான்ஸ். செப்டம்பர் முடிவதற்குள் மொத்தம் 52 தொடர்கள் ஒன்றாம் எண்ணோடு வந்துவிட்டன. அதனால்தான் அதற்கு ‘நியூ 52’ என்று பெயர்.

சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் 1938-இல் தொடங்கிய தொடர். அது 904-ஆம் இதழோடு நின்று, மறுபடி ஒன்றாம் இதழாக வந்தது. அதைவிட ஒரு வருடம் மூத்த டிடெக்டிவ் காமிக்ஸ் 881-இல் நின்றது. எண்ணை மாற்றினால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். எண்ணோடு போனது என்னவெல்லாம் என்று பார்த்தால்தான் வாசகர்களின் கோபம் புரியும்.

பதிப்பகத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. விற்பனை சரிந்துகொண்டிருந்தது. எழுபது வருடச் சரித்திரத்தைப் பார்த்தாலே புதிதாக வருகிறவனுக்குத் தலை சுற்றும். எங்கிருந்து ஆரம்பிப்பது? அதற்குப் பதிலாக ஒரு வாசலைத் திறந்துவைத்தார்கள். அச்சு இதழ் வரும் அதே நாளில் டிஜிட்டலிலும் கிடைக்கச் செய்தார்கள். ஜஸ்டிஸ் லீக் முதல் இதழ் இரண்டு லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஸ்காட் ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும் செய்த பேட்மேன், அசரெல்லோவும் கிளிஃப் சியாங்கும் செய்த வொண்டர் வுமன் ஆகியவை இன்றைக்கும் நான் சிபாரிசு செய்கிற தொடர்கள். கதைகள் மோசம் என்பது முழு உண்மை இல்லை.

அப்புறம் என்னதான் பிரச்சினை? “பழைய ஆளுங்களுக்கு எதை மாத்தினாலும் பிடிக்காதுப்பா” என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது சரியா என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டிசி உலகத்தை அழித்து எழுதியது அதுதான் முதல்முறை என்றில்லை. 1940-இல் வந்த ஃப்ளாஷின் பெயர் ஜே கேரிக். 1956-இல் பாரி ஆலன் என்ற புது ஃப்ளாஷ் வந்தான். இருவரும் எப்படி ஒரே கதைக்குள் இருக்க முடியும்? 1961-இல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஜே வேறொரு பூமியில் வாழ்கிறார். ஒரு பூமி இரண்டானது, இரண்டு பத்தானது, கடைசியில் எண்ண முடியாமல் போயிற்று. 1985-இல் மார்வ் வுல்ஃப்மனும் ஓவியர் ஜார்ஜ் பெரெஸும் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்ற பன்னிரண்டு இதழ்த் தொடரில் எல்லா பூமிகளையும் ஒன்றாக்கினார்கள். அதில் சூப்பர்கேர்ள் செத்தாள். பாரி ஆலன் செத்தான்.

அப்போதும் வாசகர்கள் வருந்தினார்கள். ஆனால் அங்கே ஒரு சாவு இருந்தது. பாரி ஓடி ஓடி, உலகத்தைக் காப்பாற்றி, கண்ணெதிரே கரைந்துபோனான். பழைய சூப்பர்மேனுக்கு ஆலன் மூர் எழுத்தில், கர்ட் ஸ்வான் ஓவியத்தில் 1986-இல் இரண்டு இதழ்களில் ஒரு கடைசிக் கதை எழுதி அனுப்பிவைத்தார்கள். செத்தவருக்குக் காரியம் செய்து, பதினாறாம் நாள் முடித்து, வாரிசுக்குத் தலைப்பாகை கட்டுவதைப் போல பாரியின் உடுப்பை வாலி வெஸ்ட் போட்டுக்கொண்டான்.

நான் வாலி வழியாக டிசிக்குள் வந்தவன். கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஜஸ்டிஸ் லீக் பார்த்து வளர்ந்த உங்களில் பலருக்கும் ஃப்ளாஷ் என்றால் அவன்தான், பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். 1959-இல் கிட் ஃப்ளாஷாக, பாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு திரியும் பையனாக வந்தவன். 1986-க்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் அவன்தான் ஃப்ளாஷ். ‘பாரி அளவுக்கு நான் வருவேனா’ என்று பயந்தவன் மெல்ல மெல்ல வளர்ந்து, லிண்டா பார்க்கைக் கல்யாணம் செய்து, இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பாவானான். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் யாருக்கும் வயதாவதில்லை. இவனுக்கு ஆனது. நாம் வளர வளர அவனும் வளர்ந்தான்.

நியூ 52-இல் அவனைக் கொல்லவில்லை. அவன் பிறக்கவே இல்லை என்று வைத்துவிட்டார்கள். ராமாயண வாலியை மறைந்திருந்தாவது கொன்றார்கள், இந்த வாலிக்கு ஒரு அம்புகூட விடவில்லை. தொடர்கள் வர வர, ‘அவன் எங்கே?’ என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் அதே பெயரில் வேறொரு சிறுவன் வந்தான். நல்ல பாத்திரம்தான். ஆனால் நாங்கள் கேட்டது அவனை இல்லை.

மற்ற இழப்புகளும் இதே மாதிரிதான். 1996-இல் கல்யாணம் செய்துகொண்ட சூப்பர்மேனும் லோயிஸும் கல்யாணமே ஆகாதவர்களானார்கள். பார்பரா கார்டனின் கதை இன்னும் சங்கடமானது. 1988-இல் ஜோக்கர் சுட்டதில் அவளுக்குக் கால்கள் செயலிழந்தன. அந்தப் பெண்ணை அப்படியே விட மனமில்லாத கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அடுத்த வருடமே அவளை ஆரக்கிள் ஆக்கினார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லா ஹீரோக்களுக்கும் தகவல் தருகிற மூளை அவள். இருபது வருடங்களுக்கு மேல் மாற்றுத்திறனாளி வாசகர்களுக்கு இருந்த மிகச் சில முகங்களில் அது ஒன்று. நியூ 52 அவளை எழுந்து நடக்கவைத்து மறுபடி பேட்கேர்ள் ஆக்கியது. அவளை எழுதிய கெயில் சிமோன் அக்கறையோடுதான் எழுதினார். ஆனாலும் ஆரக்கிளின் இடம் காலியானது.

இதில் பாரபட்சமும் இருந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பேட்மேன், கிரீன் லேண்டர்ன் கதைகளின் பழைய சரித்திரத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சூப்பர் ஹீரோக்கள் வெளிப்பட்டே ஐந்து வருடம்தான் ஆகிறது என்பது புதிய கணக்கு. அந்த ஐந்து வருடத்துக்குள் பேட்மேனுக்கு நான்கு ராபின்கள், அதில் ஒருவன் பத்து வயது மகன். கணக்கு எங்கேயாவது உதைக்காமல் இருக்குமா? குழப்பம் எழுதுகிறவர்களுக்கே இருந்தது. புதிய சூப்பர்மேன் தொடரை எழுத வந்தவர், 1985-இல் பழைய உலகங்களை அழித்து வரைந்த அதே ஜார்ஜ் பெரெஸ். ஆறு இதழ்களில் விலகினார். சூப்பர்மேனை வளர்த்த கென்ட் தம்பதி உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்விக்குக்கூடத் தனக்குப் பதில் கிடைக்கவில்லை என்று பிறகு பொதுமேடையில் சொன்னார்.

என் கட்சி இதுதான். மாற்றத்தை வெறுக்கிறவர்களாக இருந்திருந்தால் நாங்கள் வாலியையே ஏற்றிருக்க மாட்டோம். அவனே ஒரு ரீபூட் தந்த பிள்ளை, ஆரக்கிள் ஒரு விபத்து தந்தவள். கதை முன்னால் போகும்போது எதை இழந்தாலும் வாசகன் தாங்கிக்கொள்வான். ‘நீ படித்தது நடக்கவே இல்லை’ என்று சொன்னால்தான் தாங்க மாட்டான். மாதா மாதம் காத்திருந்து, காசு சேர்த்து, இருபது வருடம் கூடவே வந்தவனுடைய நேரத்தை அது செல்லாக்காசாக்கிவிடுகிறது.

இதைப் பதிப்பகமே ஒப்புக்கொண்டதாகத்தான் 2016 மே மாதம் வந்த ‘டிசி யுனிவர்ஸ்: ரீபர்த்’ இதழை நான் வாசிக்கிறேன். எழுதியவர் அதே ஜெஃப் ஜான்ஸ். அதில் காலத்துக்கு வெளியே சிக்கிக்கொண்ட பழைய வாலி, தன்னை ஞாபகம் வைத்திருக்கும் ஒரே ஒருவரையாவது தேடி அலைகிறான். லிண்டாவுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. கடைசியில் விடைபெறத்தான் பாரியிடம் வருகிறான். கரைந்துபோகிற நேரத்தில் பாரி அவன் பெயரைச் சொல்லி, கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறான். இந்த உலகத்திலிருந்து யாரோ பத்து வருடங்களைத் திருடிவிட்டார்கள் என்று கதைக்குள்ளேயே சொல்லப்படுகிறது.

அடுத்த மாதம் ஆக்‌ஷன் காமிக்ஸ் 957-ஆம் எண்ணோடு வந்தது. பழைய 904-உம், நடுவில் வந்த 52-உம் சேர்ந்தே எண்ணப்பட்டிருந்தன. 2018-இல் ஆயிரமாவது இதழும் வந்தது. எண்ணைத் திருப்பித் தந்ததுபோல எல்லாவற்றையும் தந்துவிடவில்லை. திரும்பி வந்த வாலியை இரண்டே வருடத்தில் ‘ஹீரோஸ் இன் கிரைசிஸ்’ தொடரில் தோழர்களின் சாவுக்குக் காரணமானவனாக்கினார்கள். மறுபடி கோபம், மறுபடி சமாதானம்.

இப்போது புதிதாகப் படிக்க வருகிற தம்பி தங்கைகள் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. மார்க் வெய்ட் 1992-இலிருந்து எழுதிய ஃப்ளாஷை எடுங்கள் என்பேன். நடுவிலிருந்து தொடங்கும், பாதி பெயர்கள் புரியாது. பரவாயில்லை, நாங்களும் அப்படித்தான் நுழைந்தோம்.