ஓ.பி. சீட்டும் ஒரு ட்யூப் களிம்பும்

தோல் நோய் என்று வந்துவிட்டால், காப்பீட்டு அட்டை வைத்திருப்பவரும் இல்லாதவரும் பெரும்பாலும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் முதன்மையாக உள்நோயாளிகளுக்கானது. படர்தாமரைக்கும் சொறிக்கும் யாரும் படுக்கையில் சேர்வதில்லை. கையில் பணமில்லாதவருக்குத் தமிழ்நாட்டில் எஞ்சும் வழிகள் இரண்டு: அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு, தெருமுனை மருந்துக்கடை.

முன்னதில் மருத்துவரும் மருந்தும் இலவசம். ஆனால் காலை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். பின்னதில் காத்திருக்க வேண்டாம், வேலை முடிந்து இரவில் போனாலும் திறந்திருக்கும்; ட்யூபுக்கு மட்டும் காசு. இந்தக் கணக்கைப் போட்டுக் கடையைத் தேர்பவரை அறியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. இரண்டும் கண்ணை நம்பியே இயங்குகின்றன. சிறுநீரகக் கோளாற்றைக் கடைக்காரரிடம் காட்ட முடியாது. தோலைக் காட்டச் சட்டைக் கையை மடித்தால் போதும். கூட்டம் மிகுந்த நாளில் மருத்துவருக்கும் ஏறத்தாழ அந்த அளவு நேரமே வாய்க்கிறது. இன்னொன்று: சொறி ஒழிய வேண்டுமானால் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே சமயத்தில் மருந்து பூச வேண்டும். இங்கும் அங்கும் வந்து நிற்பவரோ ஒருவர்தான்.

பார்த்த பிறகு செய்வதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஐயம் எழுந்தால் மருத்துவர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடலாம். கடைக்காரரிடம் இருப்பதோ குளோபெட்டசால் கலந்த கூட்டுக் களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பை விரைவில் அடக்கும். பூஞ்சை அடியில் பரவும். நாள்பட்டால் தோல் மெலியும். இத்தகைய களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று 2018-இல் நடுவண் அரசு விதியை இறுக்கியது. கேட்டாலே எடுத்துத் தரும் கடைகள் இன்றும் இருக்கின்றன. மருத்துவமனையின் குறை வேறு வகையானது: சரியான மருந்தை வாரக்கணக்கில் பூசச் சொல்கிறது, மறுபடி வரச் சொல்கிறது, ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி. அரிப்பு நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆக, இரு வழியிலும் படர்தாமரை திரும்பி வருகிறது, காரணம்தான் வேறு.

தொழுநோயில் இந்தச் சமன்பாடு உடைகிறது. மக்கள் மிகவும் அஞ்சும் இந்நோய்க்கு, ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, முழுக் கூட்டுமருந்தும் 1995 முதல் உலகெங்கும் இலவசம். அரிப்பில்லாத, வெளிறிய அதன் தொடக்கப் படை பார்ப்பதற்குத் தேமல் போலவே இருக்கும். கடையில் அதற்கும் ஒரு களிம்பு கிடைத்துவிடும்; தோல் பிரிவில் பஞ்சால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். சாதாரணப் படர்தாமரைக்கு எந்த வழியில் போவது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. வெளிறிய படையில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் இடமில்லை: ஒரு நாள் கூலி போனாலும் அரசு மருத்துவமனைக்கே போங்கள்.