மாத்திரைக்காகப் பிறந்த குதிரைக்குட்டிகள்

‘பிரமரின்’ என்னும் மாத்திரையைப் பல நாட்டுப் பெண்கள் பல்லாண்டு காலமாக உட்கொண்டு வந்திருக்கிறார்கள். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் உண்டாகும் உடல் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து அது. அதன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டவர்கள் குறைவு. ‘பிரெக்னன்ட் மேர்ஸ் யூரின்’, அதாவது சினைக் குதிரையின் சிறுநீர் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது.

ஆக, மருந்து எதிலிருந்து வருகிறது என்பதை யாரும் மறைக்கவில்லை. ஆனால், அந்தப் பெயர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. சிறுநீர் வேண்டுமென்றால் குதிரை சினையாக இருக்க வேண்டும். சினையாக இருந்தால் குட்டி பிறக்கும். தொழிற்சாலைக்குத் தேவையானது சிறுநீர்தான். அப்படியானால் ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள் யாருக்கு?

ஆய்வுக்கூடத்திலிருந்து பண்ணைக்கு

1929ஆம் ஆண்டில் ஜெர்மனியின் அடால்ஃப் புட்டனான்ட், அமெரிக்காவின் எட்வர்ட் டாய்சி ஆகிய இருவரும் தனித்தனியே பெண்மை ஹார்மோன் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் அதைக் கண்டது கருவுற்ற பெண்களின் சிறுநீரில். மறு ஆண்டே, சினைக் குதிரையின் சிறுநீரில் இவ்வகை ஹார்மோன் மிகுதியாக இருப்பதை பெர்ன்ஹார்ட் சோண்டக் கண்டறிந்தார். மூலப்பொருள் ஏராளமாகக் கிடைக்க வழி பிறந்தது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இயங்கிய ஏயர்ஸ்ட் நிறுவனம் இந்த மாத்திரையை 1941இல் கனடாவிலும் 1942இல் அமெரிக்காவிலும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. காலப்போக்கில் மானிட்டோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா மாநிலங்களின் புல்வெளிப் பகுதிகளில் இதற்கென்றே பண்ணைகள் பெருகின. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் சில இருந்தன. சேகரித்த சிறுநீர் மானிட்டோபாவின் பிராண்டன் நகரத் தொழிற்சாலைக்குச் சென்றது. பனிக்காலத்தில் வேறு வருவாய் இல்லாத விவசாயக் குடும்பங்களுக்கு இது நிலையான வருமானமாக அமைந்தது என்பதையும் மறுக்க முடியாது.

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். அதில் இலையுதிர்காலம் முதல் இளவேனில் தொடக்கம் வரை, சுமார் ஆறு மாதங்களுக்குக் குதிரைகள் குறுகிய கொட்டடிகளில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. உடலில் பூட்டிய வாரில் தொங்கும் ரப்பர் பை சிறுநீரைச் சேகரித்தது. வசந்தத்தில் மேய்ச்சல் நிலத்துக்கு விட்டார்கள். அங்கே குட்டி ஈன்றன. அங்கேயே மீண்டும் சினையாயின. நான்கைந்து மாதத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். தாய் மீண்டும் கொட்டடிக்குப் போனது. குட்டி ஏலத்துக்குப் போனது.

ஏலத்தில் இரு தரப்பினர்

பெண் குட்டிகளில் சில பண்ணையிலேயே தங்கின. சில, சவாரிக்கும் வண்டி இழுக்கவும் நல்ல விலைக்குப் போயின. எஞ்சியவற்றை இறைச்சி வணிகர்கள் எடை பார்த்து வாங்கினார்கள். கொழுக்க வைத்து, அறுத்து, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் ஏற்றுமதி செய்தார்கள்.

1990ஆம் ஆண்டுகளில் விலங்கு நல அமைப்புகள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தன. மனம் பொறுக்காத பலர் அந்த ஏலங்களுக்கே சென்று, இறைச்சி வணிகரோடு போட்டியிட்டுக் குட்டிகளை வாங்கினார்கள். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த குடும்பங்கள் அவற்றைத் தத்தெடுத்தன. பெரும்பாலான குட்டிகள் மனிதக் கை படாமல் வளர்ந்தவை. கயிறு போடுவதற்கே பல வாரங்கள் ஆகும். வாங்கும் விலையோ குறைவு, வளர்க்கும் செலவோ பெரிது. தீவனம், குளம்பு சீர்செய்தல், மருத்துவம் என்று 25, 30 ஆண்டுகள் தாங்க வேண்டிய பொறுப்பு அது. இரக்கத்தால் வாங்கி, பின் தாக்குப்பிடிக்க முடியாமல் திணறியவர்களும் உண்டு.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் எழுந்தது. ஏலத்தில் மீட்பாளர் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? அதே பண்ணையாருக்குத்தான். ஒரு குட்டி பிழைக்கிறது. ஆனால் அது பிழைக்கும் நேரத்தில், அதன் தாய் வயிற்றில் அடுத்த குட்டி வளர்ந்து கொண்டிருக்கிறது. மீட்பது இனப்பெருக்கத் தொழிலுக்குத் துணை போவதா என்று விலங்கு நல ஆர்வலர்களே இரு பிரிவாக நின்று வாதிட்டார்கள். அதற்கு மற்றவர்கள் சொன்ன பதில் எளிமையானது: கண் முன்னே நிற்கும் குட்டிக்கு நம் கொள்கை விளக்கம் பயன்படாது.

இரண்டும் நியாயமே. ஆனால், வரலாறு மூன்றாவது பாடம் ஒன்றைக் கற்பித்தது.

2002: ஓர் ஆய்வு, ஒரு திருப்பம்

1990ஆம் ஆண்டுகளில் பிரமரின், அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று. கனடாவில் 400க்கும் மேற்பட்ட பண்ணைகள் இயங்கின. பல பத்தாயிரம் குதிரைகள் இத்தொழிலில் இருந்தன.

2002 ஜூலையில் அமெரிக்க அரசின் ஆதரவில் நடந்த பெண்கள் நல ஆய்வின் ஒரு பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதில் 16,608 பெண்கள் பங்கேற்றிருந்தார்கள். இந்த ஹார்மோனையும் புரோஜெஸ்டின் என்னும் மற்றொன்றையும் சேர்த்து உட்கொண்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டு ஆகியவை கூடியிருந்தன. பிந்தைய ஆய்வுகள் இந்த அபாயம் வயதுக்கேற்ப மாறுகிறது, மாதவிலக்கு நின்ற சில ஆண்டுகளுக்குள் தொடங்குவோருக்குக் குறைவு என்று தெளிவுபடுத்தின. ஆயினும் அன்று பரவிய அச்சத்தில் விற்பனை சரிந்தது.

2003இல், அப்போது உற்பத்தியாளராக இருந்த வையத் நிறுவனம் பண்ணை ஒப்பந்தங்களைப் பெருமளவில் குறைத்தது. மீட்பாளர்கள் பல்லாண்டு கேட்டுக் கொண்டிருந்தது ஒருவகையில் நடந்துவிட்டது. ஆனால், மகிழ நேரமில்லை. ஒப்பந்தம் இழந்த பண்ணைகளில் நின்றவை ஆயிரக்கணக்கான சினைக் குதிரைகள். தாய், வயிற்றில் ஒன்று, அருகில் அண்மையில் பிரிக்கப்பட்ட குட்டி ஒன்று. மூன்றுக்கும் ஒரே சமயத்தில் வீடு தேட வேண்டியதாயிற்று. இடமாற்றத்துக்கென நிறுவனம் ஒரு நிதி ஒதுக்கியது. தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். பல குதிரைகள் வீடு கண்டன, பல காணவில்லை.

மீட்பாளரின் கருணை ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் பிறப்பைக் குறைத்தது மருத்துவரின் மருந்துச் சீட்டுதான். தேவை குறைந்தபோதும், பிறந்துவிட்ட உயிருக்கு யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படவில்லை. தவறு அங்கேதான் இருந்தது.

நமக்கு அருகிலும் இதே கேள்வி

இது கனடாவோடு முடிகிற கதையன்று. 1843இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் இறுதி ஓட்டத்தைக் கண்டது. அங்கு ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பண்ணைகளில் பிறந்தவை. பந்தயக் குதிரை ஓடுவது சில ஆண்டுகள். வாழ்வதோ 20 ஆண்டுகளுக்கு மேல். திடல் மூடும்போதுதான் பலரும் அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வேறு நாட்டுத் திடலுக்கு எது போகும், சவாரிப் பள்ளிக்கு எது போகும், எதற்கும் ஏற்காதது எங்கே போகும் என்ற கேள்விகள் எழுந்தன.

பந்தயக் குதிரை வளர்ப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. இவ்வினத்தில் செயற்கைக் கருவூட்டலைப் பதிவேடுகள் ஏற்பதில்லை. தாய்க்குதிரை பொலிகுதிரையிடம் நேரில் செல்ல வேண்டும். தாய் இல்லாத, அல்லது தாயை விட்டுப் பிரிந்த விலையுயர்ந்த குட்டிக்குப் பாலூட்ட ‘செவிலித்தாய்’ குதிரை வாடகைக்கு வருகிறது. அதற்குப் பால் சுரக்க வேண்டுமானால் அதுவும் ஒரு குட்டியை ஈன்றிருக்க வேண்டும். அந்தக் குட்டி பால் குடிக்கும் வயதிலேயே தாயை இழக்கிறது. அமெரிக்காவில் மீட்பு இல்லங்கள் தத்துக் கொடுக்கும் குட்டிகளில் இவையும் அடங்கும். ஒரு குட்டி வாழ மற்றொரு குட்டி மிகுதியாகிறது.

மாற்றத்தின் அறிகுறி இல்லாமலும் இல்லை. அமெரிக்கப் பந்தயத் துறை 2012இல் ஓய்வு பெற்ற குதிரைகளின் பராமரிப்புக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. வளர்ப்போரும் விற்போரும் திடல் நடத்துவோரும் அதற்குப் பணம் செலுத்துகிறார்கள். மருந்துத் துறையிலோ, சோயா, காட்டு வள்ளி போன்ற தாவரங்களின் மூலப்பொருளைக் கொண்டு தயாராகும் எஸ்ட்ரடையால் பரவலாகக் கிடைக்கிறது. பிரமரின் இப்போது பைசர் நிறுவனத்தின் கையில் உள்ளது. பண்ணைகள் முன்பு இருந்ததில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டன.

எந்த மருந்து தனக்கு ஏற்றது என்பதை ஒரு பெண் தன் மருத்துவரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும். அவளுடைய தேவை உண்மையானது. அவளைக் குற்றவாளியாக்குவதில் பயனில்லை. ஆனால், இது எதிலிருந்து வருகிறது, மாற்று உண்டா என்று மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

ஓர் உயிரைப் பிறக்க வைப்பவர், அது பயன்படாமல் போகும் நாளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கட்டும். அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதினால், எத்தனை குட்டி பிறக்க வேண்டும் என்பதையும் பண்ணையார் அன்றே எண்ணிப் பார்ப்பார். ஏல வாசலில் நின்று கையேந்தும் வேலை மீட்பாளருக்கும் குறையும்.