பழவேற்காடு ஏரியின் பாய்ப்படகு வாழ்வு

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்துக்கும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் பொதுவாகக் கிடக்கும் உப்பங்கழி பழவேற்காடு ஏரி. அதன் கரைக் குப்பங்களிலும் நடுத்தீவுகளிலும் வாழும் மீனவர்களுக்குப் பாய்ப்படகு வெறும் தொழிற்கருவியாக இருந்ததில்லை. கடைக்குப் போவதும், பெண் பார்க்கப் போவதும், வலைக்குக் காவலிருந்து இரவைக் கழிப்பதும் அதில்தான். இயந்திரப் படகுகள் பெருகிய பிறகும் பாயும் கழியும் ஏரியை விட்டு முற்றாகப் போய்விடவில்லை.

ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்குத் தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளம், பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா தீவு நடுவே நீண்டு, ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூரில் இருந்த தடா, சூளூர்பேட்டைப் பக்கத்து ஏரிக்கரையும் அதில் சேர்ந்தது. ஏழுமலையான் ஊரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்துக்கு மீனவக் குப்பங்களும் சொந்தமானது இப்படித்தான். நீர்வழி உறவு அதைவிடப் பழையது. பிச்சாட்டூர் அணையைக் கடந்து வரும் ஆரணியாறு ஏரியின் தென்கோடியிலும், காளங்கி வடமேற்கிலும் கலக்கின்றன. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து காளத்தியைத் தொட்டு வரும் சுவர்ணமுகி, தமிழ் மரபில் பொன்முகலி எனப்படுவது, வடபுறத்தில் நீர் சேர்க்கிறது. சித்தூர் மலைகளில் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்தால் ஏரி இனிக்கும். கோடையில் அதே நீர் கடலைவிடக் கரிக்கும்.

ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். படகின் வடிவத்தை முடிவு செய்வது இந்த ஆழமின்மையே. அடிப்பகுதி கூர்ந்த படகு இங்கே சேற்றில் உட்கார்ந்துவிடும் என்பதால், பலகையால் கட்டிய, அடி தட்டையான படகுகள் வழக்கத்துக்கு வந்தன. ஒற்றைப் பாய்மரம், அதில் சாய்வாகத் தொங்கும் துணிப்பாய், பின்னால் சுக்கான், கையில் நீண்ட கழி. காற்று விழுந்தாலும் நீர் வற்றினாலும் கழிதான் துணை. சில இடங்களில் இறங்கி, முழங்கால் நீரில் படகைத் தள்ளிக்கொண்டே நடப்பதும் உண்டு.

காற்றைப் படிப்பது இங்கே எழுத்தறிவுக்குச் சமம். மழைக்காலத்தில் வாடை வீசும். ஆனி, ஆடியில் காலையில் மேற்கிலிருந்து கச்சான். பிற்பகலில் அது தணிந்து கடற்காற்று எழும். மேற்குக் கரையிலிருந்து தீவுக்குப் போகிறவருக்கு இது வரம்: காலைக் காற்று கொண்டுபோய் விடும், மாலைக் காற்று திருப்பிக் கொண்டுவரும். தீவில் குடியிருப்பவருக்கோ எல்லாம் தலைகீழ். காலையில் மீனோடு கரைக்கு வரவும், மாலையில் அரிசியோடு வீடு திரும்பவும் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பாயை இறக்கிக் கழி ஊன்ற வேண்டும். தீவுக்காரர்கள் கைதேர்ந்த படகோட்டிகளாவதற்கு இந்தக் கட்டாயமே காரணம் என்று கொள்ளலாம்.

ஏரியின் கூட்டு வாழ்வை விளக்கப் பாடு முறையைவிடச் சிறந்த சான்று இல்லை. தென்பகுதியில் கோட்டைக்குப்பம், நடூர்மாதா குப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய வளமான நீர்ப்பரப்பைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்துவலை கட்டலாம் என்பது சீட்டுக் குலுக்கலாலும் சுழற்சியாலும் முடிவாகும். பணக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்குக் கழித்த இடம் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. இன்று முகத்துவாரம் கிடைத்தவர் அடுத்த முறை ஓரத்துக்குப் போவார். இறால் பாடு பெரும்பாலும் இரவு வேலை. வலையை ஊன்றிவிட்டு நீர் வடியும் வரை படகிலேயே காத்திருக்கும் அந்த நேரங்களில் அடுத்தடுத்த படகுகள் ஊர்த் திண்ணையாகிவிடும். சோறும் வெற்றிலையும் கைமாறும், பஞ்சாயத்து விவகாரம் பாதி அங்கேயே பேசித் தீரும். பாட்டுரிமை இல்லாத குப்பங்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர், யானாதி மக்களும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்பது உண்மை. முறையைப் பாராட்டும்போது இந்தக் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆந்திரப் பகுதியில் பேசப்பட வேண்டியது இருக்கம் தீவு. தடா மண்டலத்தைச் சேர்ந்த இத்தீவில் வாழ்வோர் வீட்டில் பேசுவது தமிழ். அலுவலகத்தில் நீட்டும் மனு தெலுங்கு. பீமுனிவாரிபாளையம் துறையிலிருந்து படகேறித்தான் அங்கே போக முடியும். பிரசவ வலி எடுத்தாலும், பள்ளிக்கு ஆசிரியர் வர வேண்டுமென்றாலும் படகுதான். இன்னும் வடக்கே நெல்லூர்க் கடலோரத்தில் பட்டபு என்றழைக்கப்படும் மீனவர்கள் தெலுங்கு கலந்த தமிழைப் பேசுகிறார்கள். இரு மாநில மீனவர்களிடையே எல்லைத் தகராறு மூண்டு, வலையும் படகும் பறிபோன நாட்கள் உண்டு. ஆனாலும் மொழியும் உறவும் அந்தக் கோட்டைத் தாண்டியே கிடக்கின்றன.

நீண்ட பயணங்களுக்குப் பக்கிங்காம் கால்வாய் வழிவிட்டது. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய இந்த வாய்க்கால் பின்பு பழவேற்காடு கடந்து வடக்கே நீண்டு, 1878-ல் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு இந்த வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்குப் போயிற்று. காற்றிருந்தால் பாய், இல்லையென்றால் கழி, அதுவும் போதாவிட்டால் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பது என்று சரக்குப் படகுகள் நகர்ந்தன. 1965, 1966 புயல்களில் கால்வாய் சிதைந்தது. ரயிலும் லாரியும் மீதி வேலையை முடித்தன. 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் எழும்பியது. ஏவுதளத்துக்காகச் சூளூர்பேட்டையிலிருந்து ஏரியைக் குறுக்கே வெட்டிப் போட்ட சாலை வாகனங்களுக்கு வசதியானது. படகுக்கும் நீரோட்டத்துக்கும் அது தடுப்புச்சுவர்.

பாய்ப்படகில் வாழ்வதும் நண்பர்களைக் கூட்டுவதும் என்றால் உலகம் முதலில் கரீபியனை நினைக்கிறது. ஐரோப்பியரும் வட அமெரிக்கரும் குளிர்காலத்தை அங்கே சொந்தப் படகிலேயே கழிக்கிறார்கள். ஆன்டிகுவாவில் 1960-களின் இறுதியிலிருந்து படகுப் பந்தய வாரம் நடக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரையிலான சூறாவளிப் பருவத்தில் பலர் படகைப் பாதுகாப்பான துறைகளுக்கு ஒதுக்குகிறார்கள். காற்றுக்கும் பருவத்துக்கும் பணிவது இரு இடத்துக்கும் பொது. அங்கே அது விரும்பி ஏற்ற ஓய்வு, இங்கே பிழைப்பு. ஆனால் திறமையில் பழவேற்காட்டுக்காரர் யாருக்கும் குறைந்தவரில்லை.

ஏரியில் உல்லாசப் படகுக்கும் இடமுண்டு. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும்போது ஆந்திர அரசு சூளூர்பேட்டையை மையமாக வைத்து நடத்தும் பறவைத் திருவிழாவில் பீமுனிவாரிபாளையத்துப் படகுச் சவாரிக்குக் கூட்டம் சேர்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நினைவில் வைத்துத்தான் அந்தச் சவாரியை நடத்த வேண்டும். மீனவர்களின் கவலை வேறு. மணல் மேடிட்டு முகத்துவாரங்கள் அடைபடும்போது கடல்நீர் வராது. மடவையும் கிழங்கானும் பச்சை நண்டும் குறையும். வடபகுதி கோடையில் வறண்டு, படகோடிய இடத்தில் மாடு மேயும். முகத்துவாரங்களைத் தூர்வாரி ஆண்டு முழுவதும் திறந்து வைக்க வேண்டும் என்பது இரு மாநிலக் குப்பங்களும் ஒரே குரலில் கேட்கும் கோரிக்கை.