விரிசலும் உள்வாங்கலும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் கட்டுமான வரலாறும் தமிழ்ச் சொற்களும்

மொழியை ஆராய்வோர் செங்கல், சுண்ணாம்பு, வடிகால் ஆகியவற்றைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், கட்டடப் பொறியாளர் ஒருவர் நாள்தோறும் செய்வது யாதென எண்ணிப் பார்ப்போம். அவர் ஒரு சுவரைப் பார்க்கிறார். அதிலுள்ள கோடு நேற்றும் இருந்ததா, இன்று அகன்றிருக்கிறதா எனக் கவனிக்கிறார். மழை ஓய்ந்தபின் நீர் எவ்வழியே வடிகிறது, எங்கே தேங்குகிறது என நோக்குகிறார். பிறகு கண்டதற்கு ஒரு பெயர் இடுகிறார். பெயர் பிழைபட்டால் அதன்பின் செய்யும் பழுதுபார்ப்பும் பிழைபடும். ஆகவே அவருடைய தொழிலில் பாதி, சொல்லைத் தேர்வதாகவே அமைகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கட்டுமான வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் காணப்பட்டவற்றைக் கூறத் தமிழ் எத்தகைய சொற்களை வைத்திருக்கிறது என்பதை இவ்வுரையில் காட்ட விழைகிறோம்.

முதலில் ஊர்ப்பெயர்கள். கோலாலம்பூர் என்னும் மலாய்ப் பெயருக்குச் சேற்றுக் கூடுதுறை என்பது பொருள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் சேறு படிகிறது. அங்கே கட்டுவோர் சேற்றின்மேல் கட்டுகிறார்கள் என்று பெயரே முன்னறிவிக்கிறது. நாம் பத்துமலை என வழங்கும் குன்று, மலாயில் கல் எனப் பொருள்படும் ‘பத்து’ என்ற சொல்லால் பெயர் பெற்றது. தமிழர் காதில் அது எண்ணுப்பெயராக ஒலித்தது; முருகனுக்குரிய பத்தாம் மலை என்ற விளக்கமும் உடன் பிறந்தது. மக்கள் வழக்கில் பிறக்கும் இத்தகைய விளக்கங்களை நாம் எள்ளுவதில்லை. எனினும் கல் என்ற பழைய பொருள் மறைந்ததில் ஓர் இழப்பு உண்டு. அக்கல் சுண்ணாம்புக்கல். அதுவே நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் பரந்து கிடக்கிறது. நகரின் மிகப் பெரிய கட்டுமான இடர்கள் பல அதிலிருந்தே எழுந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரின் வரலாறு ஓரளவு தெளிவானது. 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அப்போது அது மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன சிற்றூர். 1881இல் முதலில் தீயும், அதே ஆண்டில் வெள்ளமும் அதை அழித்தன. அதன்பின் ஆங்கில ஆட்சிப் பேராளராக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லும் ஓடும் கொண்டே எழவேண்டுமெனப் பணித்தார். அத்தேவைக்காக நகரின் தென்புறத்தில் சூளைகள் எழுந்தன. அத்தொழிலைத் தொடங்கி வளர்த்தவராகக் காப்பித்தான் யாப் ஆ லோய் குறிப்பிடப்படுகிறார். ஆற்றோரக் களிமண், எரிக்க விறகு, ஏற்றிச்செல்ல அருகிலேயே நகரம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் சூளை பிழைக்கும். சென்னையில் சூளை என்றும் சூளைமேடு என்றும் இரு பகுதிகள் இன்றும் வழங்குவதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். நகரம் ஒன்று கல்லாக மாறும் காலத்தில் அதன் ஓரத்தில் இப்படி ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. பின்னர் நகரம் அவ்வோரத்தையும் விழுங்கிவிட, சூளை மறைந்து பெயர் மட்டும் நிற்கிறது.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்த இருப்புப்பாதை வந்தபின், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேயின் பணிமனைப் பகுதியாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தொழில்நுட்ப உதவியாளர்களும், தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். 1905ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட நூறு வீட்டுக் குடியிருப்பு அவ்வாழ்வின் அடையாளமாக நூறாண்டுக்கு மேல் நின்று, அண்மைக் காலத்தில் இடிக்கப்பட்டது. மண்ணைக் கொட்டி மேடாக்கியவரும், சரளைக்கல் பரப்பியவரும், செம்மண் சடக்கு போட்டவரும் பெரும்பாலும் தமிழ் பேசியவர்கள். அவர்கள் கண்டதை அளவுப்புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் வேறு சிலர். கையால் மண்ணைத் தொட்டவரின் சொல் ஏட்டில் ஏறவில்லை. நம் அகராதிகளில் உள்ள பெரிய இடைவெளிகளுள் இதுவும் ஒன்று என்பது நம் கருத்து.

அச்சொற்கள் எத்தகையவை? சுவரில் தோன்றும் கோட்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதைத் தமிழ்க் கொத்தனார் கீறல், விரிசல், வெடிப்பு, பிளவு எனப் பிரிப்பார். கீறல் மேற்பூச்சோடு நிற்பது. விரிசல் என்பது ‘விரி’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. இன்னும் அகன்றுகொண்டிருக்கும் தன்மை அச்சொல்லிலேயே உண்டு. வெடிப்பு, காய்ந்தோ வெப்பத்தாலோ திடுமெனத் தெறித்தது. கோடையில் வயல் வெடிப்பதும் இவ்வகையே. பிளவு, இருபுறமும் வேறாகிப் போனது. பொறியாளர் ஒரு விரிசலைக் கண்டால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைப்பார். சில வாரத்தில் கண்ணாடி உடைந்தால் அது வளர்கிறது என அறிவார். அவர் கண்ணாடியிடம் கேட்கும் வினா, ‘இது கீறலா, விரிசலா?’ என்பதுதான். செங்கற்சுவரில் அக்கோடு படிக்கட்டுப்போல் மூலைவாட்டில் ஏறினால், கடைக்காலின் ஒருபுறம் இறங்கியிருக்கிறது என்று பொருள். ‘வீடு இறங்கிவிட்டது’ என்று நம் முதியோர் சொல்வதும் இதையே.

பழைய சுவர்களில் சிமெண்டுக்கு மாறாகச் சுண்ணாம்புச் சாந்தே மிகுதி. 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திற்கு ஏறத்தாழ 40 இலட்சம் செங்கற்கள் சென்றன. சுண்ணாம்புக்கு ஓர் இயல்பு உண்டு: நுண்ணிய கீறல் விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அக்கீறலிலேயே மீண்டும் படிந்து அதை ஒருவாறு அடைத்துவிடும். ஓதம் ஏறினாலும் சுவர் அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சை இறுகப் பூசினால் ஓதம் உள்ளே அடைபட்டுச் செங்கல் உதிரும். ஓதம் ‘ஏறுகிறது’ என்று தமிழ் சொல்வதைக் கவனிக்க. நீர் கீழ்நோக்கி ஓடுவது என்பதே பொது அறிவு. சுவரின் நுண்துளைகள் வழியே அது மேல்நோக்கியும் செல்லும் என்பதை அவ்வினை அறிந்து வைத்திருக்கிறது.

நீரின் நடமாட்டத்தைக் கூறுவதில் தமிழ் இன்னும் நுட்பமானது. ஒழுகுதல், கசிதல், பொசிதல், ஊறுதல், சுரத்தல் ஆகியவை ஒரு பொருட்சொற்கள் அல்ல. கூரை ஒழுகும், அதற்கு ஓட்டை உண்டு. சுவர் கசியும், ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. ஏரிக்கரையின் மறுபுறம் பொசியும். கரை முழுதும் நனைந்துவிட்டது என்பது அதன் பொருள். ஊறுதல் மண்ணின் உள்நிறைவு. சுரத்தல் அந்நிறைவு வழி கண்டு வெளிவருவது. மலைச்சரிவின் அடியில் நிற்கும் தாங்குசுவர் கசிகிறதா, பொசிகிறதா என்பது வெறுஞ்சொல் ஆராய்ச்சி அன்று. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற 12 மாடிக் கட்டடங்கள் மூன்றில் ஒன்று சாய்ந்து விழுந்து 48 பேர் மாண்டனர். பின்புறத்துச் சரிவில் படிப்படியாகத் தாங்குசுவர்கள் இருந்தன. மலையோடை குழாய்களின் வழியே திருப்பிவிடப்பட்டிருந்தது. மேற்புறத்தில் மரங்கள் அகற்றப்பட்டிருந்தன. தொடர்ந்து பெய்த மழையால் மண் ஊறிக் கனத்தது, தாங்குசுவர் சரிந்தது, சரிந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தை முன்னே தள்ளியது. அதற்கு முன்னரே சுற்றியுள்ள சாலையில் விரிசல்கள் தோன்றி அகன்றன. கண்டவர்கள் இருந்தனர். கண்டதன் பொருளை உரியவரிடம் உரிய சொல்லில் எடுத்துரைக்கும் பழக்கம் நம்மிடையே குறைவு என்பதே நமக்கு உறுத்துகிறது.

இனிச் சுண்ணாம்புக்கல்லுக்கு வருவோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பன்னூறாயிரம் ஆண்டுகள் கல்லைக் கரைத்ததால் பத்துமலையில் நாம் ஏறிச்சென்று வழிபடும் குகைகள் உண்டாயின. அதே வேலை நகரின் அடியிலும் நடந்துள்ளது. அங்குள்ள குகைகள் மண்மூடிக் கிடக்கின்றன. மேலிருக்கும் மண்ணில் ஈயம் இருந்தது. அதைத் தோண்டச் சுரங்கங்களிலிருந்து நீரை இறைத்தபோது, நீரின் தாங்குதல் இன்றி மேல்மண் ஆங்காங்கே குகைகளுக்குள் விழுந்தது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு நிலத்தை ஆராய்ந்தபோது, முதலில் குறித்த இடத்தின் அடிப்பாறை செங்குத்தாக இறங்குவதைக் கண்டு, கோபுரங்களின் இடத்தை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிவைத்தனர். அடித்தூண்கள் சில 100 மீட்டருக்கும் ஆழமாகச் செல்கின்றன. நகரின் புகழ்பெற்ற கட்டடம் நிற்கும் இடத்தை வரைபடத்தைவிடக் கரைந்த கல்லே முடிவு செய்தது எனலாம்.

2024 ஆகஸ்ட் 23இல் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நடைபாதை திடீரெனக் குழியாகி, இந்தியாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் அதனுள் மறைந்தார்; பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. அக்குழியின் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று. அதைக் குறிக்க அப்போது தமிழில் வழங்கிய பெயர்களையே நாம் நோக்கினோம். நில அமிழ்வு என்றனர் சிலர். புதைகுழி என்றனர் சிலர். நிலம் உள்வாங்கியது என்றனர் வேறு சிலர். அமிழ்தல் மேலிருக்கும் பாரத்தால் மெல்லக் கீழிறங்குவது; கடைக்கால் இறங்குவதற்கே அது பொருந்தும். புதைகுழி, காலை வைத்தால் இழுக்கும் சேறு. உள்வாங்குதல் என்ற சொல்லில்தான் அடியில் ஒரு வெற்றிடம் உண்டு, மேல்மண் அதனுள் போயிற்று என்னும் உண்மை அடங்கியிருக்கிறது. ஆகவே ‘நில உள்வாங்கல்’ என்பதையே பாடநூல்களுக்கு நாம் பரிந்துரைப்போம். மாற்றுக்கருத்து உடையோர் இருப்பர். அவர்களும் காரணம் காட்டி வழக்காடினால் மொழிக்கு நன்மையே. 2003 தொடங்கிச் சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட காலத்தில், இத்தகைய வழக்காட்டுக்கே இடமில்லாமற் போயிற்று. கலைச்சொற் பட்டியல் கையில் இருந்தாலும், அதைப் பயன்படுத்திப் பழகும் வகுப்பறை இல்லையேல் சொல் உயிர்பெறாது.

இறுதியாகச் சாலாக் செலாத்தானுக்குச் செல்வோம். கோலாலம்பூரின் தென்பகுதியில், பழைய ஈயக்குட்டைகள் நிறைந்த வட்டாரம் அது. 1971 ஜனவரி வெள்ளம் தலைநகரை முடக்கியதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அத்தகைய வெள்ளத்தை நகரின் நடுவே வரவிடாமல் திருப்ப 2007இல் ‘ஸ்மார்ட்’ சுரங்கம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமும் 9.7 கிலோமீட்டர் நீளமும் உடைய அச்சுரங்கம், முன்னே கூறிய சுண்ணாம்புக்கல்லைக் குடைந்தே செல்கிறது. அதன் நடுப்பகுதியில் இரண்டடுக்குச் சாலையும் உண்டு. சிறுமழையில் சுரங்கத்துள் நீர் விடப்படுவதில்லை. நடுத்தர வெள்ளத்தில் சாலைக்குக் கீழுள்ள அடித்தளத்தில் மட்டும் நீர் ஓடும். பெருவெள்ளத்தில் வாகனங்களை வெளியேற்றியபின் சுரங்கம் முழுதும் நீருக்குத் திறந்துவிடப்படும். அம்பாங் பக்கத்தில் நீரை வாங்கிவைக்கும் குளம் ஒன்று. முடிவில், சாலாக் செலாத்தான் அருகே தாமான் தேசாவில், ஒருகாலத்து ஈயக்குட்டையே மற்றொன்று. அங்கிருந்து நீர் கெராயோங் ஆற்றின் வழியே மீண்டும் கிள்ளான் ஆற்றைச் சேர்கிறது.

பொறி புதிது. ஆயினும் இதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. நீரை அளவோடு விடுவது மதகு. மிகுநீரைத் தானே வழியவிடுவது கலிங்கு. கரையடியில் நீர் செல்லும் வழி தூம்பு. வரும் நீரை ஏந்திக்கொள்வது ஏந்தல், தாங்கிக்கொள்வது தாங்கல். வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்பது இச்சொல்லே. ஆங்கிலத்தில் இப்பணியைச் செய்யும் குளத்திற்கு, நீரைப் பிடித்து வைப்பது என்ற பொருளில்தான் பெயர் அமைந்துள்ளது; நாம் புதுச்சொல் ஆக்கப் புகுவதற்கு முன் தாங்கலை எடுத்தாண்டிருக்கலாம். மலாய்ப் பொறியாளர்கள் இதை ‘கோலாம் தக்குங்ஙான்’ என்கின்றனர். தக்குங்ஙான் என்பது தேக்கிவைத்தலைக் குறிக்கும் மலாய்ச்சொல். கோலாம் என்பதோ, வணிகரோடு கடல்கடந்து சென்று மலாயில் கலந்துவிட்ட நம் குளம்.