ஹீபரின் குளியலும் நம்பெருமாளின் கோடையும்

1826ஆம் வருஷம் ஏப்ரல் 3, திங்கட்கிழமை. நம் கணக்கில் பங்குனி மாசம். கத்திரி தொடங்க இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் விடியற்காலையிலேயே திருச்சிக் கோட்டைக்குள் இருந்த தேவாலயத்துக்குப் போய், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் சடங்கை நடத்திவைத்தார். முந்தின நாள்தான் கண்டோன்மென்ட்டில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் பிரசங்கம் செய்திருந்தார். சடங்கு முடிந்து, தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பினார். வீட்டோடு சேர்ந்து, ஆள் மூழ்கும் ஆழத்தில் ஒரு பெரிய குளியல் தொட்டி. அதில் இறங்கினார். ரொம்ப நேரமாகியும் வெளியே வரவில்லையே என்று வேலைக்காரர் உள்ளே போய்ப் பார்த்தபோது, தண்ணீருக்குள் உயிரில்லாத உடல்தான் கிடந்தது. வயது 42. இன்னும் பதினெட்டு நாள் இருந்திருந்தால் 43.

இன்றைக்குத் திருச்சியில் ஒரு பள்ளிக்கும், புத்தூரில் ஒரு கல்லூரிக்கும் அவர் பெயர். அந்தப் பெயரைத் தினமும் சொல்லுகிற ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இந்தக் குளியல் கதை தெரியும் என்று தெரியவில்லை.

ஹீபர் இங்கிலாந்தில் செஷையர் பகுதியில் பிறந்தவர். கோடை என்றாலே வெளியே போய் உட்காரலாம் என்று ஜனங்கள் சந்தோஷப்படுகிற ஊர்கள் அவை. கிரீன்லாந்தின் பனிமலைகளில் ஆரம்பித்து இந்தியக் கரைக்கு வந்து சேரும் ஒரு பிரபலமான கிறிஸ்தவப் பாட்டை 1819இல் எழுதியவரும் இவர்தான். 1823இல் கல்கத்தா வந்தார், வட இந்தியா முழுக்கச் சுற்றினார், 1826இன் ஆரம்பத்தில் தெற்கே கிளம்பினார். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குத் தரைவழிப் பயணம். மார்ச் 26 ஈஸ்டருக்குத் தஞ்சாவூரில் ஆராதனை, சரபோஜி மன்னரோடு சந்திப்பு, ஏப்ரல் முதல் தேதி திருச்சி. வந்த மூன்றாம் நாள் சாவு.

வெயிலில் சூடேறிக் களைத்த உடம்போடு குளிர்ந்த நீரில் இறங்கியதால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்பது அன்றைய வைத்தியர்களின் கருத்து. எனக்கு இதில் பாதிச் சந்தேகம். பனிக்கட்டித் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு திணறும், ரத்த அழுத்தம் எகிறும் என்பது உண்மைதான். ஆனால் திருச்சியில் பங்குனி மாசத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்துவிடும்? இங்கே கிணற்றுத் தண்ணீரே விடிகாலையில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். முந்தின நாட்களிலும் அதே தொட்டியில் குளித்தவர்தான் அவர். அவரைக் கொன்றது தண்ணீரை விட அதற்கு முந்தைய வாரங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாள் தவறாமல் பயணம், பிரசங்கம், சடங்கு, சந்திப்பு. ஈஸ்டர் எங்கள் ஊரில் எந்த வெயிலில் வரும் என்று இங்கிலாந்தில் தயாரான நாட்காட்டிக்குத் தெரியாது.

இதே தேவாலயத்தைக் கோட்டைக்குள் கட்டிய ஷ்வார்ட்ஸ் ஐயர் கதை வேறு. 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர். 1762இல் திருச்சிக்கு வந்தார். தமிழ் கற்றார், திருச்சியிலும் தஞ்சாவூரிலுமாகவே வாழ்ந்து 1798இல் தஞ்சாவூரில் இறந்தார். 47 கோடைகள்! ஆக, ஐரோப்பிய உடம்பு இங்கே தாங்காது என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது.

வெள்ளைக்காரர்களும் சும்மா வெந்துகொண்டிருக்கவில்லை. ஹீபர் அடக்கமாகியிருக்கும் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். 1812இல் கட்டியது. பக்கவாட்டில் வரிசையாகப் பலகை அடுக்கிய கதவுகள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் தேவாலயம் ஒரு மண்டபமாகிவிடும், காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். யாரோ ஒரு கட்டடக்காரர் நம் கோயில் மண்டபங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன், ஆதாரம் கேட்காதீர்கள். பங்களாக்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். கூரையில் துணிப் பங்கா ஆடியது. அந்தப் பங்காவின் கயிறு சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒரு ஆள் பகலும் ராத்திரியும் உட்கார்ந்து இழுப்பார். துரைக்குக் காற்று, இழுப்பவருக்கு வேர்வை. வசதி இருந்தவர்கள் மலை ஏறினார்கள். மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டியதும் இந்தச் சமவெளி வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்துத்தான்.

மலை ஏற முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? திருச்சிக்காரர்களின் பதில் பெரும்பாலும் நேரக்கணக்கில் இருக்கிறது. எந்த மாசம் எதைச் சாப்பிடுவது, எந்த வேளையில் வெளியே போவது, வெயிலிலிருந்து வீட்டுக்குள் எத்தனை படியாக வருவது என்ற கணக்கு.

சமயபுரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். மாசிக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கியதும் மாரியம்மன் 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்களுக்காக அம்மனே இருக்கிற விரதம். சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவ்வளவுதான் நைவேத்தியம். இதைச் சுகாதார அறிவுரை என்று மட்டும் சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, பக்தி பக்திதான். ஆனாலும் அம்மைக்கும் வெப்பத்துக்கும் உரிய தெய்வம், வெயில் ஏறுகிற அந்த நான்கு வாரமும் திரவ ஆகாரத்தில் இருக்கிறாள் என்பதைக் கவனிக்காமல் எப்படி இருப்பது?

உறையூரில் வெக்காளியம்மனுக்குக் கூரையே இல்லை. வீடிழந்த ஜனங்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வெயிலிலேயே நிற்கிறாள் என்பது ஐதீகம். திருவானைக்காவலில் நேர் எதிர்: அப்புத்தலம், லிங்கத்தின் அடியில் நீர் கசிந்துகொண்டே இருக்கிற சன்னதி. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு கோயில்கள். ஒன்றில் தெய்வம் ஊரோடு சேர்ந்து காய்கிறது, மற்றதில் நனைந்தே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் கோடைக்கென்றே ஒரு உற்சவம் உண்டு. பேரே கோடைத் திருநாள், பூச்சாற்று உற்சவம் என்றும் சொல்லுவார்கள். பத்து நாள். முதல் ஐந்து நாள் வெளிக்கோடை, அடுத்த ஐந்து உள்கோடை. சாயங்காலம் நம்பெருமாள் மண்டபத்துக்கு எழுந்தருளி, பூ சாற்றிக்கொண்டு இளைப்பாறுகிறார். அடுத்து வைகாசியில் ஒன்பது நாள் வசந்த உற்சவம். ஆனியில் ஜேஷ்டாபிஷேகம். அதற்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் தண்ணீர் எடுத்து யானைமேல் கொண்டுவருவார்கள். நம்பெருமாளுக்குத்தான் திருமஞ்சனம். மூலவர் பெரிய பெருமாள் சுதையால் ஆனவர், நீர் படக்கூடாது; அவருக்குத் தைலக்காப்பு. சித்திரைத் தேர் மட்டும் உச்சக் கோடையில் வருகிறதே என்று கேட்கலாம். அதற்குத்தான் அதிகாலையிலேயே வடம் பிடித்துவிடுகிறார்கள், தார் ரோடு சுடுவதற்குள் முடிந்தவரை இழுத்துவிட வேண்டும்.

வசந்த உற்சவம் ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபமே அதற்காகத்தான். நடுவில் சுவாமி இருக்கும் மேடை, சுற்றிலும் தண்ணீர் நிரப்ப ஒரு அகழி. தண்ணீர்மேல் பட்டு வருகிற காற்றுதான் அங்கே ஏர்கூலர்.

சரி, மனுஷங்க விஷயத்துக்கு வருவோம். உத்திர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகளில் தெருவிலிருந்து நேராகக் கூடத்துக்குள் போய்விட முடியாது. முதலில் திண்ணை. பிறகு இருட்டான ரேழி. பிறகு முற்றம் வைத்த கூடம், கடைசியில் கிணறு. சூடான காற்று முற்றம் வழியாக மேலே போகும், கிணற்றடிப் பக்கத்துக் காற்று உள்ளே வரும் என்று விளக்குவார்கள். சரிதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த வரிசை. வெயிலில் வந்தவன் திண்ணையில் உட்கார வேண்டும். வேர்வை அடங்கட்டும், அப்புறம் தண்ணி குடி, அப்புறம் குளி. எங்கள் வீட்டுப் பாட்டிகள் அத்தனை பேரும் சொன்னது இதுதான். வந்ததும் வராததுமாகக் குளிக்கப் போனால் திட்டு விழும். ஹீபர் தங்கிய பங்களாவில் தொட்டி இருந்தது, திட்டுகிற பாட்டி இல்லை.

திண்ணைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பாதி வீட்டுக்காரருடையது, பாதி தெருவில் போகிறவருடையது. வழிப்போக்கர் கேட்காமலே உட்காரலாம். (எந்த வழிப்போக்கர் என்பதற்கு ஜாதி ஒரு கோடு போட்டிருந்தது, அதை மறைத்துவிட்டுத் திண்ணையைக் கொண்டாட எனக்கு மனசில்லை. அக்ரஹாரத் திண்ணை எல்லோருக்கும் நிழல் தரவில்லை.) தண்ணீர்ப் பந்தலும், ராமநவமிக்குப் பானகம் நீர்மோரோடு விசிறி கொடுப்பதும் அதே பழக்கத்தின் விரிவு.

இப்போது அந்த வீதிகளில் திண்ணையை இடித்து அந்த இடத்தில் கார் நிற்கிறது. மாடிமேல் மாடியாக ஃபிளாட். அதன் சுவரில் வரிசையாக ஏசியின் வெளிப்பெட்டிகள். உள்ளே குளிர வைத்து, சூட்டைத் தெருவில் கொட்டுகின்றன. பங்காக் கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே போன மாதிரியே ஒரு குழாய் வெளியே வருகிறது. ஏசி வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை, என் அறையிலும் ஒன்று ஓடுகிறது. ஆனால் திண்ணை இருந்த இடத்தில் கீரை விற்கிற அம்மா, காம்பவுண்டு சுவரின் ஒரு முழ நிழலில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நிழல் நகர நகரக் கூடையையும் நகர்த்துகிறார்.

திருச்சியில் பதிவான உச்ச வெப்பம் 1896 மே 2ஆம் தேதி, 43.9 டிகிரி செல்சியஸ். அப்போது மேட்டூர் அணை இல்லை, அது 1934இல் வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் மே மாசக் காவிரி பெரும்பாலும் மணல்தான். வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள். அது தள்ளிப்போகிற வருஷங்களும் நிறைய.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வெயிலால்தான் இறந்தார் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு பிஷப் இறந்தபோது வைத்தியர்கள் கூடிக் காரணம் தேடி எழுதிவைத்தார்கள். இருநூறு வருஷம் கழித்து அதைப் படித்து நான் சந்தேகப்படக்கூட முடிகிறது. சித்தாள் வேலைக்குப் போய் மயங்கி விழுகிறவருக்கு, மாரடைப்பு என்று ஒரு வார்த்தை எழுதி முடித்துவிட்டால் அந்த 4 லட்சமும் கிடையாது.