மும்மொழி ஊருக்கு ஒரு மூலநிரல்: இணையப் பக்கத்தைப் படிக்கும்படி எழுதுவது குறித்து

1. பொருளும் எல்லையும்

மூலநிரலைச் சீராக எழுதுவதற்கு இன்று புழங்கும் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கத்தை வைத்து வகுக்கப்பட்டவை. தமிழ்ப் பக்கத்தில் அவை எதுவரை செல்லும், எங்கே கெடுதல் செய்யும் என்பதே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாகக் கொள்வது ராபர்ட்சன்பேட்டை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் இறங்கியபின், வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர், தெலுங்கரோடும் கன்னடரோடும் கலந்து வாழும் வட்டாரம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவதே இன்று பல குடும்பங்களின் பிழைப்பு. இங்கே ஒரு கடைக்கோ பள்ளிக்கோ பக்கம் எழுதித் தரும் இளைஞர், நல்ல வேலை அமைந்தால் பெங்களூரிலேயே தங்கிவிடக்கூடும். அந்தக் கோப்பை அடுத்துத் திறப்பவர் வேறொருவர். அவரால் அதைப் படித்துத் திருத்த முடிகிறதா என்பதையே ஒழுங்குக்கு அளவுகோலாக வைக்கிறேன்.

2. எழுத்து எழுத்தாக இருத்தல்

2.1. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கம் என்றால் ஒரு எழுத்துருவை நம்பிய பக்கம். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. திரையில் தமிழ் தெரியும். மூலநிரலைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் டிஸ்கி குறிமுறையில் நூல்களை வெளியிட்டு, பிறகு ஒருங்குறிக்கு வந்தது. அந்த இடமாற்றத்தின் பெரும்பயனாகத் தேடல் வசதியைச் சொல்வார்கள். மூலநிரலே தமிழனுக்குப் படிக்கக் கிடைத்தது அதற்குக் குறைந்த பயன் அல்ல.

2.2. ஆனால் ஒருங்குறிக் காலத்திலும் பழைய இருட்டு வேறு வடிவில் நீடிக்கிறது. சில மென்பொருள்கள் எழுத்துக்குப் பதில் எண்ணைப் பொறிக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல் கோப்பில் இப்படிக் கிடக்கும்:

தமிழ்

மூன்றெழுத்துச் சொல்லுக்கு 35 குறிகள். ராபர்ட்சன்பேட்டை நம் கணக்கில் ஒன்பது எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியே வைக்கும் ஒருங்குறியில் 16 அலகுகள். எண்ணாக எழுதினால் 112 குறிகள். அதில் ஒரு ஒற்று விடுபட்டால் யார் கண்ணுக்குப் படும்? இந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை, தெலுங்குக்கு 3072 முதல் 3199 வரை, கன்னடத்துக்கு 3200 முதல் 3327 வரை. தங்கவயலின் மூன்று மொழிகளும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கின்றன. எண்களாகிவிட்டால் எந்த வரி எந்த மொழி என்பதுகூடத் தெரியாது. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, அதைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே அறிவித்து, எழுத்தை எழுத்தாகவே இடுவதுதான் முதல் ஒழுங்கு. உள்தள்ளல் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

2.3. கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கீனமும் உண்டு. ‘கோலார்’ என்பதன் முதலெழுத்தை 2965, 3019 என்று இரண்டு அலகாக இடலாம். 2965, 3015, 3006 என்று இரட்டைக்கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அலகுகளை அப்படியே ஒப்பிடும் எடிட்டரில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றும்போது இது நேர்வதுண்டு. சேர்ந்த வடிவையே எங்கும் வைத்துக்கொள்வது நல்லது.

3. உள்தள்ளல்

உலாவி பொறுமைசாலி. மூடாத டேக் இருந்தாலும் தானாகச் சரிக்கட்டிப் பக்கத்தைக் காட்டிவிடும். அதனால்தான் தவறு மறைந்தே கிடக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் டேக்குகளை இரண்டிரண்டு இடம் தள்ளி எழுதினால் மூடப்படாதது கண்ணில் படும். சுருக்கி அனுப்பும் சர்வர்களில் இந்த வெற்றிடங்களால் ஏறும் சுமை மிகக் குறைவு. தமிழுக்கு ஒரே எச்சரிக்கை: வரியின் தொடக்கத்தில் தள்ளலாம், நடுவில் இடம் விட்டு நெடுவரிசை பிடிக்கக் கூடாது. தமிழ் எழுத்துகளுக்குச் சம அகலம் இல்லை; ஒரு கணினியில் நேராக நின்றது இன்னொன்றில் கோணிவிடும்.

4. வேற்றுமை உருபும் வெற்றிடமும்

தானாகச் சீரமைக்கும் கருவிகள் தமிழில் கெடுதல் செய்யும் இடம் இதுவே. ‘ராபர்ட்சன்பேட்டையில்’ என்ற சொல்லில் ஊர்ப்பெயருக்கு மட்டும் இணைப்பு கொடுத்து, ‘யில்’ என்பதை இணைப்புக்கு வெளியே விடுகிறோம் என்று கொள்வோம். சீரமைப்புக் கருவி மூடும் டேக்கை ஒரு வரியிலும் ‘யில்’ என்பதை அடுத்த வரியிலும் வைத்தால் நிரல் அழகாக இருக்கும். ஆனால் ஹெச்டிஎம்எல்லில் வரிமுறிவு ஒரு வெற்றிடமாகவே கொள்ளப்படும். திரையில் ‘ராபர்ட்சன்பேட்டை யில்’ என்று சொல் இரண்டாக உடைந்து நிற்கும். ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் சொல் பெயருக்கு முன்னே தனியாக நிற்பதால் இந்த விபத்து அங்கே அரிது. கன்னடமும் தெலுங்கும் உருபை ஒட்டி எழுதுபவை. அவற்றுக்கும் இதே ஆபத்து.

2018-இல் ஹெச்டிஎம்எல்லுக்கு வந்த பிரிட்டியர் என்ற சீரமைப்புக் கருவி வெற்றிடத்தின் பொருளை மதிக்கிறது. அதற்காக டேக்கின் கோணக்குறியையே அடுத்த வரிக்குத் தள்ளுவதுண்டு; பலருக்கு அது அலங்கோலமாகப் படுகிறது. சொல் உடைவதைவிட அந்த அலங்கோலம் மேல். அதைவிட நல்ல வழி எழுதுபவர் கையிலேயே இருக்கிறது: உருபையும் சேர்த்து முழுச்சொல்லுக்கும் இணைப்பு கொடுத்துவிட்டால் பிரிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

5. மொழிக்கு ஒரு வரி

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள் தங்கவயலில் பலர். பக்கத்தைத் திருத்த வருபவர் அவர்களில் ஒருவராக இருந்தால், தமிழ்ப் பிழையைத் தானே கண்டுபிடிக்க மாட்டார். அவருக்கு உதவும்படி ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பகுதி வைத்து, அதன் டேக்கிலேயே மொழியைக் குறிக்க வேண்டும். திரைவாசிப்பானுக்கும் அதுவே வழிகாட்டி. வாக்கியத்துக்கு ஒரு வரி என்ற பழக்கமும் வேண்டும். யூனிக்ஸில் ஆவணம் எழுதுவோருக்கு பிரையன் கெர்னிகன் 1974-இலேயே சொன்னது இது. வாக்கியங்களின் இடையில் விழும் வரிமுறிவு சொல்லை உடைக்காது. தமிழில் மூன்றாவது வாக்கியம் மாறினால் கன்னடப் பகுதியிலும் மூன்றாவது வரியைத்தான் மாற்ற வேண்டும் என்பது, தமிழ் எழுத்து அறியாதவருக்கும் கோப்பைப் பார்த்தவுடனே விளங்கும்.